ஏற்காட்டு வேனில் ஆள் சேர்ந்த கதை

சென்ற மாதம் நம் சந்தின் வாட்ஸப் குழுவில் உங்களில் ஒருவர் அந்தப் புகைப்படத்தைப் போட்டிருந்தீர்கள். ஏரியின் முன்னால், கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு, நம் சந்து மொத்தமும் நிற்கிறது. மே மாத வெயிலில் கண்களைச் சுருக்கிக்கொண்டு, பாதிப் பேர் ஸ்வெட்டர் அணிந்திருக்கிறார்கள். கீழே வழக்கமான கேள்வி: "ஏய், இதுல நீ எங்கடி? உனக்கு அன்னிக்கு காய்ச்சல்ல?" ஆமாம், காய்ச்சல்தான் என்று மூன்று பேர் உறுதிசெய்திருந்தீர்கள். ஒருவர் எனக்கு அம்மை போட்டிருந்ததாகவே எழுதியிருந்தீர்கள்.

எனக்குக் காய்ச்சலும் இல்லை, அம்மையும் இல்லை. அந்தப் பயணம் எங்கள் வீட்டில் திட்டமிடப்பட்டது. வேன் பேசியவர் என் அப்பா. புளிச்சோறு கிளறியவர் என் அம்மா. யாருக்காக அது திட்டமிடப்பட்டதோ அவரும் நானும் மட்டும் போகவில்லை. இதைக் குழுவிலேயே எழுத முயன்று இருமுறை அழித்துவிட்டேன். அங்கே எழுதினால் ஐந்து நிமிடத்தில் அதன்மேல் பிறந்தநாள் வாழ்த்துகள் வந்து விழுந்துவிடும். ஆகவே இங்கே, சற்று விரிவாக.

என் அத்தையை உங்களுக்குத் தெரியும். அப்பாவின் தங்கை; எங்களோடு ஒரே வீட்டில் இருந்தவர்; எண்ணூர்ப் பக்கம் ஓர் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்த்தவர். தைத்து வரும் சட்டைகளைக் குழல்விளக்கின் கீழே விரித்து, தையல் பிசகிய இடத்தில் சிறிய அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவது அவருடைய வேலை. மாலையில் அவர் வீடு திரும்பும்போது முழங்கையிலோ துப்பட்டாவின் ஓரத்திலோ ஒரு சிவப்பு அம்பு ஒட்டிக்கொண்டு வரும். அதை யார் உரிப்பது என்று நாம் சண்டையிட்டிருக்கிறோம். நமக்கு அப்போது பத்து வயது.

நம் சந்தில் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்பதை வாய்திறந்து சொல்ல வேண்டிய தேவையே இல்லை. நாற்காலிகள் சொல்லிவிடும். எந்த வீட்டிலும் இரண்டு நாற்காலிக்கு மேல் கிடையாது. ஆகவே காலையிலேயே நாம் வீடு வீடாகப் போய்ச் சுமந்து வருவோம். எதிர்வீட்டு அக்காவின் சிவப்பு நாற்காலி, மளிகைக்கடை அண்ணாச்சியின் நீல நாற்காலி, முதுகில் ஆணியால் கதவிலக்கம் கீறப்பட்டவை, கால் ஒன்று வளைந்து உட்கார்ந்தவரை மெல்ல இடப்பக்கம் சாய்ப்பவை. அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றுகூட இன்று எந்த வீட்டிலும் இல்லை. நாற்காலி கொடுத்த வீட்டுக்கு வேடிக்கை பார்க்கும் உரிமையையும் கொடுத்தாக வேண்டும். அத்தை காபித் தட்டோடு வரும்போது எங்கள் சன்னல் முழுக்கத் தலைகளாக இருக்கும். அவற்றில் நம்முடையவையும் இருந்தன.

வந்தவர்கள் கேசரி தின்றுவிட்டுப் போவார்கள், தகவல் வராது. அதன்பிறகு தொடங்கும் சந்தின் கருணை. எதிர்வீட்டு அக்கா நெத்திலிக் குழம்பு கொடுத்தனுப்புவார். அண்ணாச்சி கடைக்கு வந்த புது முகக் கிரீமை, "காசு வேண்டாம், போட்டுப் பாக்கச் சொல்லுங்க" என்று என் கையில் திணிப்பார். தண்ணீர் பிடிக்கப் போனால் குடத்தை முன்னால் வைக்க வழிவிடுவார்கள். அந்த ஏப்ரலில் ஒரு குடும்பம் இவ்வாறு வந்து போன பின்பு, அத்தை தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அப்பாவிடம் வந்து நின்றார்.

"அண்ணே, இதோட இந்த வூட்ல தட்டு தூக்க மாட்டேன். வந்தவன் வேணான்னு போனாகூட பரவால்ல. அப்பால ஒரு வாரம் இந்த சந்து என்னியப் பாக்குற பார்வ கீதே, அதான் பேஜாரா கீது."

"அவங்க நல்ல மனசோடதானம்மா பாக்குறாங்க."

"நல்ல மனசுதான். அதனாலதான் திட்டக்கூட முடில. எங்கனா இவங்க ஒருத்தர் கண்ணுலயும் படாத எடத்துல வெய்யி, வரேன். அதுவும் கடசி தபா. அங்க இவங்க ஒருத்தர் வந்து நின்னாலும் நான் திரும்பிடுவேன், சொல்லிட்டேன்."

இவ்வளவுதான் அவர் கேட்டது. ஒரு மனுஷி தன் வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் தன் தெருவின் கண்ணில் படாமல் இருக்க விரும்பினார். பெரியவர்கள் இருவர் கூடி இதை நிறைவேற்ற முடியாமற்போன விதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் பற்களைக் கடிக்கத் தோன்றுகிறது.

அப்பா கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டியவர். அந்நாட்களில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் டிரெய்லர்களின் வரிசை எண்ணூர் விரைவுச் சாலையில் கடலோரமாக நீண்டு, நம் சந்துமுனையையும் தாண்டிப் போகும். எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. வண்டியை விட்டு இறங்கிப் போனால் இடம் போய்விடும். வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தொலைவில் நின்றுகொண்டு அப்பா இரண்டு நாட்கள் வீட்டுக்கு வராமல் இருந்திருக்கிறார். அம்மாவும் நானும் டிபன் காரியரோடு ஏறிப்போவோம். டீசல், நேற்றைய ஊதுபத்தி, இருக்கை உறையின் வியர்வை, கடல்பக்கக் கண்ணாடியில் உப்பு. எங்கள் வீட்டுச் சுவர்கள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்குத் தெரியும்: நீங்கள் உங்கள் வீட்டில் அப்பளம் கடித்தால் எங்கள் வீட்டில் கேட்கும். ஆகவே ரகசியம் பேச எங்களுக்கு இருந்த ஒரே அறை அந்த லாரியின் முன்பகுதிதான்.

அங்கேதான் ஒரு நண்பகலில் அப்பாவின் தோஸ்தான சேலத்து டிரைவர் வந்து யோசனை சொன்னார். அத்தைக்காக அவர் சொன்ன பையனின் வீட்டார் அவருக்குச் சேலத்தில் அக்கம்பக்கம்.

"ஞாயித்துக்கெழம அவங்க ஏற்காடு வருவாங்கண்ணா. நீங்களும் சுத்திப் பாக்க வந்த மாதிரி வாங்க. போட் அவுஸ் முன்னாடி 'அட, நீங்களா'ன்னு பேசிக்கலாம். புடிச்சா மேல பேசுவோம். புடிக்கலைன்னா ஏரியப் பாத்தோம், வந்தோம். யாருக்குத் தெரியப் போவுதுங்க?"

"ஏற்காட்ல இன்னா கீது?" என்றார் அப்பா.

"ஏரி இருக்குதுங்க. குளுரு இருக்குது."

அப்பா சன்னல்வழியே கையை நீட்டிக் கடலைக் காட்டினார். "தண்ணி பாக்க அவ்ளோ தூரம் போவணுமா?"

"ஆமா, நீ தண்ணி பாக்கத்தான் போற!" என்று அம்மா குழம்புக் கிண்ணத்தை நங்கென்று வைத்தார்.

இவ்வளவையும் நான் மடியில் காரியர் மூடியை வைத்துக்கொண்டு கேட்டேன். ஏரி, படகு என்ற இரண்டைத் தவிர வேறெதுவும் எனக்கு விளங்கவில்லை. மற்றதை அம்மா பல ஆண்டுகளுக்குப் பிறகு, அதுவும் இன்னும் ஆறாத கோபத்தோடு, சொல்லித் தெரிந்துகொண்டேன்.

திட்டம் நல்ல திட்டம்தான். ரயிலில் போயிருந்தால் நடந்திருக்கும். ஆனால் அந்த ஞாயிறுக்குள் வரிசை அப்பாவை விடுவிக்குமா என்று தெரியாதபோது எதை நம்பி முன்பதிவு செய்வது? கோடை விடுமுறையில் கடைசி நேரத்தில் ரயிலில் இடம் கிடைக்குமா? கார்களும் கிடைக்கவில்லை. ஆகவே தெரிந்தவரிடம் ஒரு வேன் பேசினார். நான்கு பேருக்குப் பதினான்கு இருக்கை கொண்ட வேன்.

நம் சந்தில் வாடகை வேன் என்றால் என்ன என்பதை நம்மைத் தவிர யாருக்கும் விளக்க முடியாது. வேளாங்கண்ணிக்கோ, திருப்பதிக்கோ, காதுகுத்துக்கோ யார் வேன் எடுத்தாலும் அதில் ஓர் இருக்கைகூடக் காலியாகப் போகாது. அழைப்பு எதுவும் கிடையாது. வேன் வந்து நிற்கும். இடம் இருக்கும்வரை ஏறுவார்கள். இடம் தீர்ந்தபின் மடியில் ஏறுவார்கள். நாமெல்லாம் அப்படித்தான் வளர்ந்தோம். இதை அறிந்த என் பெற்றோர், ரகசியப் பயணத்துக்கு வேன் பேசினார்கள்.

அதையும்கூட மறைத்திருக்கலாம். விடியுமுன் சாலையில் போய் ஏறியிருக்கலாம். ஆனால் குளிர் என்று சேலத்து டிரைவர் சொன்ன ஒரு சொல் அம்மாவின் மனதில் தைத்துவிட்டது. திருவொற்றியூரில் யாரிடம் ஸ்வெட்டர் இருக்கும்? வடநாட்டுக்கு லாரி ஓட்டியவரின் மனைவியான எதிர்வீட்டு அக்காவிடம் இருந்தது. மின்சாரம் போன ஒரு மத்தியானம், அட்டைத்துண்டால் விசிறிக்கொண்டிருந்த அக்காவிடம் அம்மா போய் நின்றார். நான் புடவையைப் பிடித்துக்கொண்டு கூட நின்றேன்.

"அக்கா, ஸ்வெட்டர் இருந்தா குடேன்."

விசிறி நின்றது. "இன்னாது? ஸ்வெட்டரா? வெய்யில்ல மண்ட கொழம்பிட்ச்சாடி?"

"இல்லக்கா. சும்மா. பாக்கறதுக்கு."

"மே மாசத்துல எவடி ஸ்வெட்டரப் பாக்கக் கேப்பா? எங்க போறீங்க? ஊட்டியா?"

"ஐயோ, ஊட்டிலாம் இல்லக்கா. ஏற்காடுதான்."

ஆடம்பரமாக ஊட்டிக்குப் போகிறோம் என்ற பழியைத் துடைக்கிற அவசரத்தில் அம்மா மொத்தத்தையும் கொடுத்துவிட்டார். அக்கா டிரங்குப் பெட்டியைத் திறந்தார். பாச்சை உருண்டை வாசனையோடு நான்கு ஸ்வெட்டர்கள் வெளியே வந்தன. இரண்டை அம்மாவிடம் கொடுத்தார். மற்ற இரண்டையும் உதறி வெயிலில் போட்டார். அவை யாருக்கு என்று அம்மா கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மாலைக்குள் வேனின் இருக்கைக் கணக்குச் சந்து முழுவதற்கும் தெரிந்திருந்தது. தடுக்கும் பொறுப்பு அப்பா தலையில் விழுந்தது. வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும். காரணத்தைச் சொல்லக் கூடாது. எனவே புளுக ஆரம்பித்தார். அவர் புளுகத் தெரியாத மனிதர்.

முதலில், அது வீட்டு வேண்டுதல், ஏற்காட்டுச் சேர்வராயன் கோயிலுக்குக் குடும்பமாகப் போகிறோம் என்றார். அண்ணாச்சி கல்லாவிலிருந்து எழுந்தே விட்டார்.

"நேர்த்திக்கடனா? மொதல்லயே சொல்லப்புடாதாவே? சாமி காரியத்துக்குத் தனியா போகப்புடாது. நானும் வீட்டம்மாவும் வாறோம். வருசத்துல ஒரு நாளு கடைய அடைக்க முடியலன்னா அப்புறம் எதுக்கு இந்த யாவாரம்ங்கேன்?"

நம் அண்ணாச்சி கடையை அடைத்து நாம் பார்த்ததே இல்லை. அவ்வளவு பெரிய தியாகத்தை எப்படி மறுப்பது? அடுத்து எதிர்வீட்டு அக்காவிடம், கோயில் சும்மா, உண்மையில் சேலத்தில் ஒரு சொந்தக்காரர் ஆஸ்பத்திரியில் சீரியஸாக இருக்கிறார், குழந்தை குட்டிகளோடு வர வேண்டாம் என்றார்.

"த்சொ, த்சொ. அப்ப கண்டிப்பா வரணுமே நைனா. ஆஸ்பத்திரில நிக்கறதுக்கு ஆள் வேணாமா? பசங்கள அப்டியே ஏரில வுட்டுர்லாம்."

அந்த இரவு அம்மா குசுகுசுவென்று கத்தினார். அப்படிக் கத்த முடியும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

"மூஞ்சிக்கு நேரா வேணான்னு சொல்லேன்யா!"

"இன்னான்னு சொல்றது? நீ ஊர்ல இல்லாதப்பல்லாம் ரோட்டுல நிக்கற எனக்கு சோறு கொண்டாந்து குடுத்தது யாரு? அந்தக்கா. அவுங்களாண்ட போயி வராதன்னு சொல்ல எனக்கு வாய் வருமா?"

"அப்ப உன் தங்கச்சி?"

அப்பா பாயை உதறி விரித்தார். அத்தை அந்த வாரம் முழுவதும் ஓவர்டைமில் இருந்தார். காலையில் இருட்டோடு போய் இருட்டோடு வருவார். சந்துக்கு அத்தையின் விஷயம் தெரியக் கூடாது, அத்தைக்குச் சந்தின் விஷயம் தெரியக் கூடாது என்று இரண்டு ரகசியங்களையும் ஒற்றை அறையில் வைத்துக் காத்தார்கள். கிளம்பும்போது எப்படியாவது சரியாகிவிடும் என்று அப்பா நம்பினார். எது, எப்படி என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. அத்தையோ அந்த வாரம் வழக்கத்தைவிட லேசாக இருந்தார். இளநீலப் புடவை ஒன்றைக் கஞ்சி போட்டு மடித்துப் பாயின் அடியில் வைத்துப் படுத்தார். ஏரி என்றால் கரை தெரியுமா, நம் கடல்போல எதிர்க்கரை இல்லாமல் இருக்குமா என்று என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

ஞாயிறு விடியுமுன் வேன் வந்தது. நீங்கள் அதற்கும் முன்பே வந்திருந்தீர்கள். மணலி எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து வழக்கமான வாயு நாற்றம். அதன்மேல் மல்லிகைப் பூ, புளிச்சோறு, பாச்சை உருண்டை. முன்னிருக்கையில் அண்ணாச்சி குரங்குக் குல்லாயோடு உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. அத்தை இளநீலப் புடவையில், கைப்பையோடு, வாசலைத் தாண்டி வந்து நின்றார். வேனுக்குள் விளக்கெரிந்தது. சன்னல்தோறும் தலைகள்.

"வாடி, வாடி! ஒனக்குன்னு சன்னல் சீட்டப் புடிச்சு வெச்சிகினு கீறேன். இவன் ஒக்காரப் பாத்தான், ஒண்ணு குடுத்தேன்" என்றார் எதிர்வீட்டு அக்கா. சொன்னவரின் குரலில் அன்பைத் தவிர வேறெதுவும் இல்லை. அதுதான் கொடுமை.

அத்தை அப்பாவைப் பார்த்தார். அப்பா குனிந்து டயரை உதைத்துப் பார்த்தார்.

"எனக்குத் தல வலிக்குது. நான் வரல. நீங்க போய்ட்டு வாங்க" என்றார் அத்தை.

உடனே வேன் முழுவதும் வைத்தியரானது. ஒருவர் எலுமிச்சம்பழத்தை நீட்டினார், ஒருவர் தைலத்தை. அண்ணாச்சி, "சுக்கு மிட்டாய் இருக்கு, ஒண்ண வாயில போடு தாயி" என்று குல்லாய்க்குள்ளிருந்து சொன்னார். அத்தை எதையும் வாங்காமல் வீட்டுக்குள் போனார். அப்பா பின்னால் ஓடினார். நான் கதவருகே நின்றேன்.

"அவங்க சேலத்துலேந்து கெளம்பிடுவாங்கம்மா. இப்ப இன்னா பண்றது?"

"வேன நிறுத்து."

"நிறுத்துனா ஏன்னு கேப்பாங்களே!"

"அப்ப போ."

"போயி?"

"ஏரியப் பாத்துட்டு வா."

அப்பா போனார். வேறு வழியில்லை, காரணம் சொல்லாமல் எல்லாரையும் இறக்க முடியாது. பயணத்தின் காரணம் வீட்டில் உட்கார்ந்திருக்க, பயணம் புறப்பட்டது. பையன் வீட்டாரைச் சமாளிக்க அம்மாவும் போக வேண்டியிருந்தது. நான் ஏறப்போனபோது என் இடத்தில் ஏற்கெனவே இருவர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். "நீ அத்தைக்குத் தொணையா இரு" என்றார் அம்மா. என் காய்ச்சலின் கதை இவ்வளவுதான்.

நான் ஒரு மணி நேரம் அழுதேன். அத்தை தடுக்கவில்லை. பிறகு சந்தில் சத்தமே இல்லை என்பதைக் கவனித்தேன். குடம் வைக்கும் ஓசை இல்லை. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. சாலையில் டிரெய்லர்கள் மூச்சுவிடுவது மட்டும் கேட்டது. அத்தை தலைக்குக் குளித்து, ஈரக்கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெதுவாக நடந்தார், திரும்பி வந்தார். எந்தச் சன்னலிலும் யாரும் இல்லை. வெறும் முட்டையும் சோறும் சமைத்து, சட்டியிலேயே கைவைத்து இருவரும் தின்றோம்.

மத்தியானத்துக்கு மேல் அவருடைய பட்டன் போன் அடித்தது. சந்து நிசப்தமாக இருந்ததால் எதிர்முனைக் குரலும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அப்பா.

"வந்து நின்னுகினு கீறாங்கம்மா. பொண்ணு எங்கன்னு கேக்குறாங்க. இன்னா சொல்ல?"

"போட்ல ஏத்திவுடுண்ணே. சுத்திட்டு வரட்டும்."

"வெளாடாத!"

"நானா வெளாடுறேன்?" என்று அத்தை போனை வைத்தார்.

சிறிது நேரத்தில் மறுபடியும் அடித்தது. எதிர்வீட்டு அக்கா. பட்டுப்புடவை உடுத்திய குடும்பம் ஒன்று படகுத்துறையில் காத்து நிற்பதையும், சேலத்து டிரைவர் 'அட, நீங்களா' என்று வியப்பதையும் பார்த்த கணத்திலேயே அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"ஏண்டி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? சொல்லியிருந்தா நான் வந்தே இருப்பேனா?" ஒரு கணம் யோசித்தார். "வந்துதான் இருப்பேன். ஆனா வேற மாறி வந்திருப்பேன்."

"சரிக்கா."

"பையனப் பாத்துட்டோம். ஒல்லி. மூக்கு நல்லாகீது. செருப்பு புதுசு போல, நொண்டுறான். அண்ணாச்சி பக்கத்துல நிக்கவெச்சி அளந்து பாத்தாரு, ஒசரம் கம்மிதான். பசங்க சுத்தி நின்னு பேரு கேட்டாங்க, சத்தமே வர்ல. தலயத் தூக்கவே மாட்டேங்குறான்டி. இன்னா வேல, இன்னா படிப்பு, எல்லாத்தையும் வாங்கிடறேன் இரு."

அத்தையின் முகத்தில் நான் எதிர்பார்த்த சிரிப்பு வரவில்லை.

அந்தச் சம்பந்தம் அமையவில்லை. வேன் நிறைய ஆளை அனுப்பிவிட்டுப் பெண்ணை அனுப்பாத குடும்பம் நமக்கு வேண்டாம் என்று பையனின் அம்மா மலையிறங்குவதற்குள் சொல்லிவிட்டாராம். அத்தை அதன்பின் யாருக்கும் தட்டு எடுக்கவில்லை. இன்றும் எங்களோடுதான் இருக்கிறார், செக்கிங்கில் மேற்பார்வையாளராக. நம் வீட்டுப் பெரியவர்கள் இந்த விஷயத்தை நாகரிகமாக மறந்துவிட்டார்கள். நீங்கள் படகை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டீர்கள். அன்று அந்தப் போனில் அடுத்து அத்தை பேசியது என்ன என்பது அவர்களுக்கும் தெரியாது.

"அக்கா, போன அவர்கிட்ட குடு" என்றார் அத்தை.

"யார்கிட்ட? பையன்கிட்டயா?"

"குடுத்துட்டு தள்ளிப் போ."

ஏதோ உரசும் ஓசை. பிறகு மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது.

"நாந்தான், வராதவ" என்றார் அத்தை. "எல்லாரும் சுத்தி நிக்கிறாங்களா?"

"ஆமாங்க" என்றது ஒரு சிறிய குரல்.

"தலயக் குனியாதீங்க. குனிஞ்சா இன்னும் கிட்ட வந்து பாப்பாங்க. நிமுந்து, தூரமா எதையாச்சும் ஒண்ணப் பாருங்க. அதையே பாத்துகினு இருந்தீங்கன்னா நேரம் போயிடும். என்னியப் பொண்ணு பாக்க வர்றப்ப நான் இங்க செவுத்துல கீற காலண்டரப் பாப்பேன். ஒங்களுக்குப் பரவால்ல, ஏரி கீது."